பஸ் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு எதை வாங்குவது?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஏழு வயது. காட்பாடியிலிருந்து பாகாயம் வரை பஸ்ஸில் போனாலே முகம் வெளுத்து, வாந்தி எடுத்துவிடுகிறான். விடுமுறையில் ஏலகிரி போகிறோம். காதுக்குப் பின்னால் ஒட்டும் மூலிகை வில்லை, மணிக்கட்டுப் பட்டை, மாத்திரை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? (காட்பாடி வாசகி)

பதில்: கடைக்குப் போவதற்கு முன் உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

வண்டி வளைவதையும் குலுங்குவதையும் உட்காது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதோ முன் சீட்டின் முதுகு, அல்லது அப்பாவின் செல்போன். அவை அசைவதில்லை. காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, அந்தக் குழப்பத்தில்தான் குமட்டுகிறது. இரண்டு வயதுக்குள் இது அரிது. பள்ளிக்கூட வயதில் அதிகம். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. தயவுசெய்து பஸ்ஸில் நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள்.

ஆகவே, காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலில் போங்கள். ரயில் பஸ்ஸைப் போல ஒடித்துத் திருப்பாது. போகும் திசையைப் பார்த்து உட்காரவையுங்கள். அங்கிருந்து மலைக்கு பஸ் ஏறும்போது சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டும் கடைசி வரிசையும் வேண்டாம். சாலை நேராகக் கண்ணில் படும் முன்பக்க இடம் காலியில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் தவறில்லை. ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த பலகை எங்கே என்று முன்னால் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். கண் சாலையில் நிற்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. செல்போன் பைக்குள் இருக்கட்டும்.

காரில் போவதானால் சாலை தெரியட்டும் என்று முன் சீட்டில் உட்காரவைக்க வேண்டாம்; விபத்து நேர்ந்தால் ஆபத்து. பின் சீட்டில், பெல்ட் மாட்டி, முன்கண்ணாடி தெரியும்படி உட்காரவையுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். ஆம்பூர் பிரியாணியை மலையிறங்கித் திரும்பும்போது சாப்பிடலாம்.

இனி நீங்கள் கேட்ட பொருள்கள். மூலிகை வில்லைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அது வாந்தியைத் தடுக்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மணிக்கட்டுப் பட்டை உள்மணிக்கட்டில் ஒரு புள்ளியை அழுத்துவது. ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கெடுதல் செய்யாது, ஆனால் அதை மட்டும் நம்பி மலையேறாதீர்கள். இஞ்சி மரப்பா சிலருக்கு உதவுகிறது, விலையும் குறைவு.

மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். பயண வாந்திக்குத் தரும் டைமென்ஹைட்ரினேட், புரோமெத்தசின் போன்றவை தூக்கம் வரவழைப்பவை. சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகப் படபடப்பைக் கொடுக்கும். அளவை வயதும் எடையும் பார்த்துக் குழந்தை மருத்துவர் சொல்ல வேண்டும். புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுத்தால்தான் பலன். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுப்பது வீண். இரண்டு வயதுக்குள் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது, மூச்சுத் திணறும். போன மாதம் வயிற்றுப்போக்கோடு வந்த வாந்திக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆன்டன்செட்ரான் மருந்தை எடுத்துக் கொடுப்பவர்கள் பலர். பயண வாந்திக்கு அது சரியான மருந்தல்ல.

நான் வாங்கச் சொல்வது மூடி போட்ட ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் மட்டும். தின்று முடித்துக் கழுவிய டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேரி பேக்கைப்போல ஓட்டையாகி ஒழுகாது, மூடினால் நாற்றம் வராது. பிள்ளைக்கும் பயம் குறையும்.

கேள்வி: 'நூறு சதவீதம் வாந்தி நிற்கும்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் கைப்பட்டை வாங்கினேன். பலனில்லை. பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியும் இல்லை. விற்றவர் பணம் திருப்பித் தர மறுக்கிறார். (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: விடாதீர்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை பொட்டலத்தில் இருந்தே ஆக வேண்டும். பொய்யான உறுதிமொழி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பெட்டியை எறிந்துவிடாதீர்கள். விளம்பரத்தையும் இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள்.