முதலில் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்கள், பிறகு ஹோட்டலை

கேள்வி: என் நாத்தனாருக்குத் தை மாதம் கல்யாணம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கோலாலம்பூர் போய்ப் புடவை, துணிமணி எடுத்து, பத்துமலைக்கும் போய் வரலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 74 வயது மாமியார் (முழங்கால் வலி, படி ஏற முடியாது), 15 வயது மகள், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பையன்கள். இடிஎஸ் ரயிலில் போய் இரண்டு இரவு தங்குவோம். மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம், அறைக்கு 98++ வெள்ளி (ரிங்கிட்). இரண்டாவது மஸ்ஜிட் ஜாமெக் பக்கம், அறைக்கு 168 வெள்ளி நெட். மூன்றாவது மூன்று படுக்கையறை அபார்ட்மெண்ட், இரவுக்கு 260, துப்புரவுக் கட்டணம் 120. எது கட்டுப்படியாகும்? மாமியாருக்குச் சிவப்பு ஐசி. அவருக்குச் சுற்றுலா வரி போடுவார்களா?
- கே.எஸ்., சுங்கை சிப்புட்

பதில்: வரியை முதலில் முடித்துவிடுவோம். அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்ற சுற்றுலா வரி 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் மட்டுமே வாங்கப்படுகிறது. குடியுரிமை உள்ளவர்களுக்கு அது கிடையாது, சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. முகப்பில் அட்டையைக் காட்டினால் போதும். வெளிநாட்டுப் பதிவுத் தளங்களில் சில சமயம் இந்த 10 வெள்ளி 'ஹோட்டலில் கட்ட வேண்டியது' என்று தானாகவே விழுந்திருக்கும்; அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரியவர்கள், மகள் எல்லாருடைய ஐசியும், பையன்கள் இருவரின் மைகிட்டும் (சிறுவர் அடையாள அட்டை) கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

இனி கணக்கு. 98-க்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு கூட்டல் குறிதான் வில்லங்கம். ஒன்று ஹோட்டலின் சேவைக் கட்டணம், பெரும்பாலும் 10 விழுக்காடு. மற்றொன்று அரசாங்கச் சேவை வரி. தங்குமிடத்துக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. ஆக 98 வெள்ளி அறை கையைவிட்டுப் போகும்போது 116 வெள்ளி ஆகிவிடும். 'நெட்' என்று போட்டிருந்தால் எல்லாம் அதற்குள் அடக்கம். வருமானம் குறைவான சிறு விடுதிகள் சேவை வரிக்குப் பதிவு செய்திருக்காது, அங்கே அந்த 8 விழுக்காடு வராது. எதுவானாலும் தேடல் பக்கத்தில் தெரியும் விலையை நம்பாதீர்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே தெரியும் மொத்தத் தொகையை ஒரு தாளில் குறித்துக்கொண்டு திரும்புங்கள். பட்டனை அழுத்தாதவரை காசு போகாது.

உங்களுக்கு இரண்டு அறை, இரண்டு இரவு. முதல் ஹோட்டல் சுமார் 463 வெள்ளி, இரண்டாவது 672. வித்தியாசம் 209. பார்த்தால் முதலாவது லாபம் போலத்தான் இருக்கிறது.

ஆனால் நீங்கள் ஆறு பேர். கைப்பேசியில் கூப்பிடும் சாதாரண கிராப் வாடகைக் காரில் நான்கு பேர்தான் ஏறலாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு கார், இல்லையென்றால் விலை கூடிய ஆறு இருக்கை வண்டி. ஒரு காருக்கு 15 வெள்ளி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ரயில் வந்து நிற்கும் கேஎல் சென்ட்ரலிலிருந்து ஹோட்டல், ஹோட்டலிலிருந்து கடைத்தெரு, திரும்பி வர, பத்துமலை போக, வர, கடைசி நாள் மீண்டும் ஸ்டேஷன்: ஆறு நடை, 180 வெள்ளி. மத்தியானத்தில் மாமியாருக்குக் கால் வலித்து, அவரை மட்டும் ஒரு காரில் அறைக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்பினால் இன்னொரு 30. மொத்தம் 210. மிச்சம் பிடித்த 209 அங்கேயே கரைந்துவிட்டது. மழை பெய்தாலும் வேலை முடியும் நேரமானாலும் கிராப் விலை எகிறும், டிசம்பரில் மழைக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் சொந்தக் காரில் வருகிறவர்களுக்கானது. அதை விட்டுவிடுங்கள்.

அபார்ட்மெண்ட் 640 வெள்ளி. ஆறு பேரும் ஒரே கூரையின் கீழ், துணி துவைக்கும் இயந்திரம், சமையலறை எல்லாம் இருக்கும். நான்கு இரவு தங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அந்த 120 வெள்ளி துப்புரவுக் கட்டணம் நான்காகப் பிரிந்து இரவுக்கு 30-தான் விழும். உங்களுக்கு அது இரவுக்கு 60. அதோடு இந்த வகை வீடுகளில் முகப்பு என்று ஒன்று கிடையாது. சாவி ஒரு பூட்டுப் பெட்டியில் இருக்கும், எண் வாட்ஸ்அப்பில் வரும். காலை ரயிலில் இறங்கிப் பெட்டியை வைக்க இடமிருக்காது, மூன்று மணி வரை எல்லாரும் சுமந்துகொண்டு அலைய வேண்டும். கடைசி நாளும் அப்படியே, அப்போது புடவைப் பைகளும் சேர்ந்திருக்கும். துணி எடுக்கப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் இருப்பது தவறான தேர்வு இல்லை. ஜாலான் மஸ்ஜிட் இந்தியா கடைகளுக்கு நடந்தே போய்விடலாம், இரண்டு எல்ஆர்டி நகர ரயில் தடங்கள் சந்திக்கும் இடம். ஆனால் நீங்கள் பட்டியலில் சேர்க்காத ஓரிடத்தை முதலில் பாருங்கள்: பிரிக்பீல்ட்ஸ். இடிஎஸ் வந்து நிற்பது கேஎல் சென்ட்ரலில். அங்கிருந்து நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக, மின்தூக்கியிலும் நகரும் படியிலுமாக, வெயில் படாமல் ஜாலான் துன் சம்பந்தனுக்கு வந்துவிடலாம். (உங்கள் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தவரின் பெயர்தான் அந்தச் சாலைக்கு.) மஸ்ஜிட் ஜாமெக்குக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து கெலானா ஜெயா தடத்தில் இரண்டே நிறுத்தம். பத்துமலைக்கு அதே கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறினால் மாறாமல் கோயில் வளாகத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். அந்த ரயில் அடிக்கடி வராது, நேரத்தைப் பார்த்துவிட்டு ஹோட்டலைவிட்டுக் கிளம்புங்கள். மாமியார் 272 படி ஏற வேண்டியதில்லை. முருகன் சிலையடியிலும் கீழே உள்ள சந்நிதிகளிலும் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காரலாம். புடவைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் பிரிக்பீல்ட்ஸிலேயே வரிசையாக இருக்கின்றன. இங்கே அறை 168 நெட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால் இதையே எடுங்கள். அறைக்கு 30, 40 வெள்ளி கூடினால் மஸ்ஜிட் ஜாமெக்குக்குத் திரும்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெரிய ஸ்டேஷன் பக்கத்துச் சந்துகளில் மணிக்கணக்கில் அறை விடும் மலிவு விடுதிகளும் உண்டு. பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விருந்தினர் கருத்துகளில் 'குடும்பத்தோடு வந்தோம்' என்று எழுதியவர்கள் யாருமே இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

கருத்துகளைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. மொத்த மதிப்பெண் பல வருடத்துச் சராசரி. நேற்று கெட்டுப்போன மின்தூக்கியை அது சொல்லாது. 'புதியது முதலில்' என்று வரிசைப்படுத்தி, கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். பத்துக்குப் பத்து கொடுத்தவரும் ஒன்று கொடுத்தவரும் உணர்ச்சிவசப்பட்டவர்கள். ஐந்து, ஆறு, ஏழு கொடுத்தவர்கள்தான் விவரம் சொல்வார்கள். மூட்டைப்பூச்சி, சுடுநீர் வராதது, சிகரெட் வாடை, மின்தூக்கி: இந்த நான்கில் ஒன்றை இரண்டு மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் அந்த இடம் வேண்டாம். ஹோட்டல் போட்ட படத்தை விடுங்கள், விருந்தினர் எடுத்த படத்தில் குளியலறைத் தரையையும் ஜன்னல் திரையையும் பாருங்கள். நட்சத்திரத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். நம் சுற்றுலா அமைச்சு தரும் நட்சத்திரமும், சிறு விடுதிகளுக்கான ஆர்க்கிட் தரமும் ஒருபுறம் இருக்க, தளத்தில் தெரியும் நட்சத்திரம் ஹோட்டலே போட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம்.

'நடந்து ஐந்து நிமிடம்' என்பதும் அப்படித்தான். காகம் பறக்கிற கணக்கு அது. வரைபடத்தில் ஸ்டேஷன் வாசலிலிருந்து ஹோட்டல் வாசலுக்கு நடைவழி போட்டுப் பாருங்கள். 500 மீட்டருக்குமேல் இருந்தாலோ, நடுவில் மேம்பாலப் படிக்கட்டு இருந்தாலோ மாமியாருக்கு ஆகாது.

இப்போது அறை. கோலாலம்பூரின் மலிவு ஹோட்டல்களில் ஜன்னல் இல்லாத அறை சர்வ சாதாரணம். விலை கவர்ச்சியாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும். போன் பண்ணி மலாயில் 'திங்காப் அட?' (ஜன்னல் இருக்கிறதா?) என்று மட்டும் கேட்டால் 'அட' (இருக்கிறது) என்றுதான் பதில் வரும், அந்த ஜன்னல் நடைபாதையைப் பார்த்தோ காற்றுக் குழியைப் பார்த்தோ இருக்கும். ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியுமா என்று கேளுங்கள். ஜன்னலில்லா அறை ஓர் இரவு தனியாகத் தூங்கி எழுந்து போகிறவருக்குப் பரவாயில்லை. ஈரத் துணியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் மறுநாள் காலை பூசணவாடை அடிக்கும்.

கட்டில் அளவு தெரிந்திருக்க வேண்டும். குவீன் ஐந்தடி அகலம், கிங் ஆறடி, சூப்பர் சிங்கிள் மூன்றரை, சிங்கிள் மூன்று. அறை விலை வழக்கமாக இரண்டு பெரியவர்களுக்கு. சின்னவன் இருக்கிற கட்டிலில் உங்களோடு படுத்தால் பல இடங்களில் இலவசம். உங்கள் மகளைப் பெரும்பாலும் பெரியவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதனால் 'இரண்டு அறை, ஆறு பேர்' என்று பதிவு செய்துவிட்டு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், பிள்ளைகளின் வயதையும் தளத்தில் சரியாகப் போடுங்கள். உங்களுக்குப் பொருத்தம் ஒரு கிங் அறையும், மூன்று தனிக்கட்டில் உள்ள ஓர் அறையும். கிங்கில் நீங்கள் இருவரும் சின்னவனும்; மற்றதில் மாமியார், மகள், பெரியவன். மூன்று கட்டில் அறை இல்லையென்றால் கூடுதல் கட்டில் போட இடமிருக்கிறதா, அதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். 150 சதுர அடி, அதாவது 14 சதுர மீட்டர் அறையில் கூடுதல் கட்டில் போட்டால் குளியலறைக் கதவு திறக்காது.

மாமியாருக்காக இன்னும் இரண்டு கேள்வி. குளியல் தொட்டியா, தரையோடு ஷவரா? தொட்டி என்றால் ஒன்றரை அடி உயர விளிம்பைத் தாண்டி ஈரக் காலோடு ஏறி இறங்க வேண்டும், முட்டிவலிக்காரர்கள் விழுவது அங்கேதான். மின்தூக்கி தெருமட்டத்திலிருந்து தொடங்குகிறதா? பழைய கடைவீட்டு விடுதிகளில் முதல் மாடி வரை படி ஏறிப் போனால்தான் முகப்பும் மின்தூக்கியும் இருக்கும்.

காலை உணவு சேர்ந்த விலை பெரும்பாலும் ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மட்டும். நீங்கள் ஆறு பேர் என்பதால் இரண்டு பேருக்கு மேலதிகமாகக் கட்ட வேண்டி வரும். பிரிக்பீல்ட்ஸில் தோசையும் தே தாரிக்கும் வாசலிலேயே இருக்க, அது வேண்டாம். ஒருவேளை இலவசமாகவே கிடைத்தால், பஃபேயில் 'பேக்கன்' என்று இருப்பது இங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சி. பெரியவர் தட்டில் போடுவதற்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது பதிவு செய்வது? ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே, இலவசமாக ரத்து செய்யக்கூடிய விலையில். ரத்துக்கான கடைசி நாளையும் மணியையும் நாட்காட்டியில் எழுதி வையுங்கள். பிறகு ஹோட்டலுக்கே போன் பண்ணி, அந்தத் தளத்து விலையைச் சொல்லி, நேரடியாக எடுத்தால் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். அதே விலையில் பக்கத்துப் பக்கத்து அறையோ தாமத வெளியேற்றமோ தருகிறவர்கள் உண்டு. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி விலை பாருங்கள், இறங்கியிருந்தால் புதியதைப் பதிந்துவிட்டு அதற்கப்புறம் பழையதை ரத்து செய்யுங்கள். வரிசை மாறக்கூடாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதே ஹோட்டலை வெள்ளி சனிக்கும், ஞாயிறு திங்களுக்கும் போட்டுப் பார்த்தால் எந்த இரவு மலிவு என்று உங்களுக்கே தெரியும்; பள்ளி விடுமுறைதானே, உங்கள் கணவரின் லீவு மட்டும்தான் பிரச்சினை. ரயில் டிக்கெட் கையில் வந்தபிறகே திருப்பித் தராத அறையைத் தொடுங்கள். விடுமுறையில் இடிஎஸ் இருக்கை சீக்கிரம் தீரும்.

போய் இறங்கியதும் பெட்டிகளை முகப்பில் விட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்விடலாம், அறை இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். டெபாசிட் அறைக்கு 50 முதல் 100 வெள்ளி வரை கேட்பார்கள். ரொக்கம் வாங்குகிற இடமென்றால் ரொக்கமாகவே கொடுத்து ரசீது வாங்குங்கள். டெபிட் கார்டில் பிடித்தால் அந்தப் பணம் திரும்பி வரப் பல நாள் ஆகும், கல்யாணச் செலவு நேரத்தில் அது உறுத்தும். அறைக்குள் நுழைந்ததும் பெட்டிகளைக் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தை விளிம்புத் தையலையும் கட்டில் தலைப்பலகையையும் கைப்பேசி விளக்கில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. ஏசி, சுடுநீர், கழிவறைத் தண்ணீர் மூன்றையும் அப்போதே போட்டுப் பாருங்கள். குறை இருந்தால் படுக்கையில் உட்காருவதற்குமுன் கீழே போனால் அறையை மாற்றித் தருவது சுலபம். இரவு பத்து மணிக்குப் போனால் மாற்று அறை இருக்காது.

மகளுக்கு மருதாணி போடுவதை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை விரிப்பில் கறை பட்டால் டெபாசிட்டில் பிடித்துவிடுவார்கள். மங்குஸ்தீனுக்கும் அதே கதைதான்.