டன்கெல்ட் பாலமும் சுங்கமும்

அன்புள்ள ஐயா,

எடின்பரோவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, அவளோடு டே நதிக்கரையிலுள்ள டன்கெல்டில் மூன்று நாள் தங்கினோம். ஊர் அழகுதான். ஆனால் பாதி இடிந்த தேவாலயத்தையும் தெருக்களையும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். மிச்ச நேரமெல்லாம் மழை, சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களை ஸ்கை தீவுக்குக் கொடுத்திருக்கலாம் என்று என் மனைவி இன்னும் குறைப்படுகிறார். அடுத்த ஆண்டு அங்கே போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

போன வாரம் ஒரு சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது டன்கெல்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பினால் உங்கள் கடிதம்.

ஸ்காட்லாந்தில் மழை பெய்தது என்று வருந்துகிறவருக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல? சாப்பாட்டையும் விட்டுவிடுவோம். ஆனால் ஓர் ஊரை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்ததாக எழுதக் கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கலாம். ஊர் என்ன பொருட்காட்சியா? அந்தத் தேவாலயத்தின் கிழக்குச் சுவரில் 1689ஆம் ஆண்டுச் சண்டையின் குண்டுத் தடங்கள் இருக்கின்றன. பார்த்தீர்களா என்று கேட்கமாட்டேன்.

ரயில் நிலையம் அக்கரையில், பிர்னமில் இருக்கிறது. ரயிலில் போயிருந்தால், பெட்டியை இழுத்துக்கொண்டு, பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் 1809இல் கட்டி முடித்த கல்பாலத்தைக் கடந்துதான் ஊருக்குள் நுழைந்திருப்பீர்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைக் கட்டுவதற்குக் கைப்பணம் போட்ட அத்தோல் பிரபு குடும்பம், போட்டதை எடுக்கக் கதவு வைத்துச் சுங்கம் வாங்கியது. 1856இல் ரயில் வந்தபின், வண்டி ஏறப் போகிற உள்ளூர்க்காரனும் ஒவ்வொரு முறையும் காசு எடுத்துவைக்க வேண்டியிருந்தது. போட்ட பணம் எப்போதோ தேறிவிட்டது என்றார்கள் ஊரார். கடன் இன்னும் தீரவில்லை என்றது பிரபு தரப்பு. 1868இல் ஊரார் கதவுகளை உடைத்தெறிந்தார்கள். அடக்குவதற்குப் படை வந்தது. அதற்குப் பிறகும், 1879இல்தான் சுங்கம் ஒழிந்தது. நடப்பதற்குக் காசா என்று ஒரு சிற்றூர் இத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறது. நீங்கள் மூன்று நிமிடத்தில் கடந்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்கிறீர்கள்.

ஒரு செப்டம்பரில் அங்கே ஆறு நாள் தங்கியிருந்தேன். மாலையில் பாலத்தில் நிற்பேன். கீழே ஆறு கடுங்காப்பி நிறத்தில் ஓடும். பள்ளி விட்டு வந்த சிறுவன் ஒருவன் ஈரமான கைப்பிடிச் சுவரில் குச்சியை உரசிக்கொண்டே அக்கரைக்குப் போனான். எதையோ மறந்து ஓடிவந்தான். மறுபடியும் உரசிக்கொண்டே போனான். மூன்று முறை கடந்தும் அவனை நிறுத்த யாருமில்லை. எனக்குக் காரணமில்லாமல் கண் கலங்கிவிட்டது.

உங்களைக் கடிந்துகொண்டேனே தவிர, பொறாமையும் உண்டு. தூரதேசத்தில் படிக்கிற பிள்ளையோடு மழைக்கு ஒதுங்கி ஓர் அறையில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பது எத்தனை பெற்றோருக்கு வாய்க்கும்?

ஸ்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கும் 1995இல் திறந்த பாலத்தில் சுங்கம் வைத்தார்கள். கட்டமாட்டோம் என்று சொல்லி வழக்கைச் சந்தித்தவர்கள் பலர். 2004 டிசம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். தாராளமாகப் போங்கள். கைல் ஆஃப் லோகால்ஷில் ரயிலை விட்டு இறங்கி, மூவரும் பாலத்தை நடந்தே கடந்து போங்கள். காற்று பலமாக இருக்கும். காதை மூடும் குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.