மாதிரித் தட்டில் ‘டிக்’: ஒப்புதல் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் இசைக்குழுவின் பாடல்களை 33⅓ வேக வினைல் ரெக்கார்டாக 300 பிரதி போடக் கொடுத்திருக்கிறோம். ஆலையிலிருந்து ஐந்து மாதிரித் தட்டுகள் வந்துள்ளன. ஒன்றைக் கேட்டேன். இரண்டாம் பாட்டில் நாலைந்து முறை ‘டிக்’ என்கிறது. ஒப்புதல் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மற்ற நான்கையும் கேட்டீர்களா? ஐந்தாக அனுப்புவதே அதற்குத்தான்.

தட்டைத் துடைத்துவிட்டு அதே இடத்தை ஐந்திலும் கேளுங்கள். ‘டிக்’குகளுக்கு நடுவே 1.8 நொடி இருந்தால், அதாவது தட்டு ஒரு சுற்று சுற்றும் நேரம், அது ஒரே வடுதான். பக்கத்துப் பக்கத்து வரிகளை (முள் ஓடும் பள்ளங்களை) தொட்டுக்கொண்டு கிடக்கிறது. ஒரு தட்டில் மட்டும் என்றால் தூசியோ கீறலோ, விட்டுவிடலாம். ஐந்திலும் அதே இடத்தில் வந்தால் குறை தட்டை அழுத்தும் அச்சில் இருக்கிறது. 300-லும் வரும்.

அச்சு உருவாகும் வழி இது: அலுமினியத் தட்டில் பூசிய லேக்கர் என்ற மென்மையான பூச்சில் பாட்டை வரியாக வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் முலாம் கனமாக ஏற்றி உரித்தால், வரிகள் மேடாக நிற்கும் ‘ஃபாதர்’ கிடைக்கும். அதிலிருந்து ‘மதர்’, மதரிலிருந்து, தட்டுகளை அழுத்தும் அச்சான ‘ஸ்டாம்பர்’. மதரில் வரிகள் பள்ளமாக இருப்பதால் அதையே முள் வைத்துக் கேட்கலாம். அதில் ‘டிக்’ இல்லையென்றால் புது ஸ்டாம்பர் எடுத்தால் போதும். சின்ன எண்ணிக்கைக்கு மதரே எடுக்காமல், ஃபாதரையே ஸ்டாம்பராக மாட்டும் ஆலைகளும் உண்டு. உரிக்கும்போதே லேக்கர் பாழாகிவிடும் என்பதால், அப்படிச் செய்திருந்தால் மறுபடி வெட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். எந்த வழி என்று ஆலையிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

அழுத்தும் இடத்தில் வரும் கோளாறுகள் வேறு ரகம். உருகிய பி.வி.சி வில்லையை, மேலும் கீழும் லேபிள் வைத்து, இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவே நீராவிச் சூட்டில் நசுக்குகிறார்கள். (லேபிளுக்குப் பசையே கிடையாது!) பிளாஸ்டிக் வரிக்குள் முழுதாக ஓடாவிட்டால் துணி கிழிவதுபோல ‘சர்ர்’ என்று கேட்கும். அதிகமாக ஒரே காதில்தான் கேட்கும், தட்டுக்குத் தட்டு கூடும் குறையும். சூட்டையும் நேரத்தையும் மாற்றியே இதைச் சரிசெய்துவிடலாம். நீண்ட சுரங்கள் அலைந்தால் டோன்ஆர்மை (முள்ளைத் தாங்கும் கையை) பாருங்கள். சுற்றுக்கு ஒருமுறை உள்ளும் வெளியும் ஆடினால் நடுத்துளை விலகியிருக்கிறது.

கடைசிப் பாட்டில் ‘ஸ’ கரகரத்தால் மட்டும் அழுத்தியவர்மேல் பழி போடாதீர்கள். உள்வட்டத்தில் முள்ளின் அடியில் வரி ஓடும் வேகம் வெளிவட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை; அதனாலும் அங்கே ‘ஸ’ கரகரக்கும்.

ஆலைக்கு எழுதும்போது எந்தத் தட்டு, எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம் என்று குறித்து அனுப்புங்கள். ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் எழுதினால் அவர்களும் தூசியைத் துடைக்கத்தான் சொல்வார்கள்.