ஊசி முடிந்தாலும் கிளினிக்கை விடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 3 மாதம். 'அம்மா', 'பால்' தவிர வேறு பேச்சில்லை. கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்புகிறான். தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்று. 'அவன் அப்பனும் 4 வயதில்தான் பேசினான், விடு' என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வேண்டாம் சகோதரி, இந்த வாரமே கிளம்புங்கள். மாமியார் சொல்வது பொய்யில்லை. தாமதமாகப் பேசி நன்றாக வந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் உங்கள் மகனும் அப்படித்தானா என்பதை வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. 2 வயதில் பிள்ளைகள் 'பால் வேணும்' என்று இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்குவார்கள். அதைவிட, கூப்பிட்டால் திரும்பாததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. முதலில் காதைப் பார்க்க வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். பத்துப் பிள்ளைகளை ஒன்றாகப் பார்த்த ஆயாவின் கண்ணுக்கு, ஒருவன் மட்டும் திரும்பாதது சட்டென்று தெரியும். தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தபோது அந்தக் கண்ணை நாம் இழந்துவிட்டோம். இன்று அந்த வேலையைச் செய்ய இருப்பது அரசாங்க கிளினிக்தான்.

18 மாத ஊசிக்குப் பிறகு அடுத்தது 7 வயதில், பள்ளியில். அதனால் நம்மவர்கள் நடுவில் கிளினிக் பக்கமே போவதில்லை. பிள்ளை பிறந்ததும் கொடுத்த பதிவுப் புத்தகம் 6 வயது வரைக்கும் உரியது. அதைத் திறந்து வளர்ச்சிப் பக்கங்களைப் பாருங்கள். ஆட்டிசம் இருக்குமோ என்று அறிய, எம்-சேட் என்ற கேள்விகளை 18 மாதத்திலும் 3 வயதிலும் கேட்பார்கள். அது பரீட்சை இல்லை. மிஸ்ஸி (நர்ஸ்) முன்னால் கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் 'யா, யா' என்று தலையாட்டிவிடாதீர்கள். விரலால் காட்டுகிறானா, கண்ணைப் பார்க்கிறானா, உள்ளதைச் சொல்லுங்கள்.

தேவைப்பட்டால் காது சோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். குறை ஏதும் தெரிந்தால், சமூகநல இலாகாவின் பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 'ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) கொடுத்துவிடுவார்களோ' என்று பயந்து நின்றுவிடாதீர்கள், சோதனைக்குப் போனதற்காக யாரும் கார்டு எழுதுவதில்லை. அப்புறம், பக்கத்தில் கெமாஸ் தாஸ்கா என்ற அரசாங்கப் பிள்ளைக் காப்பகம் இருந்தால் விசாரியுங்கள். 4 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கானது அது. மற்றப் பிள்ளைகளோடு இருப்பது நல்லது.

வீட்டில் தாராளமாகத் தமிழிலேயே பேசுங்கள், இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. சாப்பாட்டு நேரத்தில் போனை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஷிப்டு இல்லாத நாளில் காலையிலேயே போங்கள். புத்தகத்தை நீட்டி, 'அனாக் சாயா பெலும் பண்டாய் சாக்காப்' (என் பிள்ளைக்கு இன்னும் பேசத் தெரியவில்லை) என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.