எந்தக் கடையில் மளிகை மலிவு?

கேள்வி: எங்கள் ஊரில் மூன்று சூப்பர் மார்க்கெட்டுகள் போட்டி போட்டுக்கொண்டு தள்ளுபடி அறிவிக்கின்றன. மாறி மாறி வாங்கிப் பில்களைச் சேர்த்து வைத்தும், எது மலிவான கடை என்று தெரியவில்லை. எப்படி ஒப்பிடுவது?

பதில்: பில்லின் மொத்தத் தொகையைப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஒரு மாதம் நெய்யும் முந்திரியும் வாங்கியிருப்பீர்கள், மறுமாதம் வாங்கியிருக்க மாட்டீர்கள். தொகை கூடியதற்கும் கடைக்கும் தொடர்பே இராது. எனவே மாதந்தோறும் தவறாமல் செலவாகும் இருபது பொருள்களை, வாங்கும் அளவோடு எழுதி, அந்தப் பட்டியலை ஓராண்டுக்கு மாற்றாதீர்கள். மூன்று கடைகளின் விலைகளையும் ஒரே வாரத்தில் குறித்து, அளவால் பெருக்கிக் கூட்டினால், வெந்தயத்தில் கிடைக்கும் பெரிய தள்ளுபடியைவிடத் துவரம் பருப்பில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவது முக்கியம் என்பது தானாகவே தெரிந்துவிடும். ஒரு கடையில் ஏதேனும் ஒரு பொருள் இல்லையென்றால், அந்த மாதம் மூன்று கடைகளின் கணக்கிலிருந்தும் அதை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு இல்லாத கடையே மலிவாகத் தோன்றும்.

பாக்கெட் விலையைக் குறிக்காமல் கிலோ விலையைக் குறியுங்கள். 2021-இல் திருத்தப்பட்ட பொட்டலப் பொருள் விதிகள், குறிப்பிட்ட அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாக ஓர் அலகின் விலையை உறையில் அச்சிடச் சொல்கின்றன. சமையல் எண்ணெயில் இது மிகவும் உதவும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். அது ஒரு கடையில் 148 ரூபாய்க்கும், மற்றொன்றில் 800 கிராம் பாக்கெட் 132 ரூபாய்க்கும் கிடைப்பதாகக் கொள்வோம். பார்வைக்கு இரண்டாவது மலிவு. ஆனால் கிலோக் கணக்கில் முதலாவது சுமார் 163 ரூபாய், இரண்டாவது 165 ரூபாய். அரிசியிலும் இதே கவனம் வேண்டும். பெயரிட்டுப் பொட்டலமிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்த பிறகு 26 கிலோ சிப்பங்கள் பெருகிவிட்டன. சிப்பத்துக்குச் சிப்பம் ஒப்பிடுவது பயன் தராது.

காலப்போக்கில் விலை இறங்குவதெல்லாம் கடையின் தயவு அல்ல. மிளகாய் வற்றலும் புளியும் அறுவடை முடிந்து வரத்து கூடும்போது எல்லா இடத்திலும் இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆகையால் சென்ற ஆண்டு விலையோடு ஒப்பிடாமல், அதே வாரத்தில் மற்றக் கடைகளின் விலையோடு ஒப்பிடுங்கள். பருப்பு, எண்ணெய், வெங்காயம் போன்றவற்றின் சில்லறை விலையை நுகர்வோர் விவகாரத் துறை நாள்தோறும் வெளியிடுகிறது. அதையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

என் கணிப்பில், கம்பெனிப் பொருள்களில் கடைக்குக் கடை வித்தியாசம் சொற்பமே, எம்.ஆர்.பி. எல்லாருக்கும் ஒன்றுதான். உண்மையான வித்தியாசம் சில்லறையாக நிறுத்து விற்கும் பருப்பிலும் மிளகாயிலும்தான் இருக்கிறது. அங்கேதான் தரமும் மாறுகிறது. உடைசலும் தூசும் கலந்த உளுந்தை முழு உளுந்தோடு சமமாக வைத்து விலை எழுதாதீர்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகையை, அந்த இரண்டாவது பொருள் உங்களுக்குத் தேவைப்பட்டால் மட்டும் கணக்கில் சேருங்கள். ஆறு மாதக் குறிப்பில் இரு கடைகளுக்கிடையே உள்ள வித்தியாசம், தொலைவில் உள்ள கடைக்குப் போய்வரும் பெட்ரோல் செலவைத் தாண்டவில்லை என்றால், பக்கத்துக் கடையிலேயே வாங்குங்கள்.