பயிற்சி மைதானத்தின் மேலே ட்ரோன்

கேள்வி: வியாசர்பாடியில் 16 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருகிறேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், எதிரணியின் பயிற்சியை ட்ரோன் மூலம் படம்பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். சுற்றியுள்ள மொட்டை மாடிகளில் நின்று எல்லோரும் பார்ப்பதைத்தானே ட்ரோனும் பார்க்கப் போகிறது? இதில் தவறு என்ன?
– பயிற்சியாளர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லும் மொட்டை மாடி எனக்கும் பழக்கமானதுதான். தண்டையார்பேட்டையில் நான் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்த நாட்களில், எங்கள் ஆட்டத்தைப் பார்க்காத வீடு அந்தத் தெருவிலேயே கிடையாது. அவர்களை ஒற்றர்கள் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. மாடியில் நிற்பவர் நம் கண்ணுக்குத் தெரிகிறார், அவர் பார்க்கிறார் என்று தெரிந்தே நாம் ஆடுகிறோம், காட்ட விரும்பாததை அவர் போன பிறகு செய்து பார்க்கிறோம். படம்பிடிக்க ஏற்பாடு செய்து ட்ரோனை அனுப்புகிறவரோ, அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பையே தருவதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மறைந்து தெரிவார்கள், இடைவெளிகள் புலப்படாது. நேர்மேலே இருந்து எடுத்த படத்தில் தடுப்பாட்ட வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையே எத்தனை அடி விடுகிறார்கள், ஓரத்தில் ஆடும் தடுப்பாட்டக்காரரான விங் பேக் எந்த நேரத்தில் மேலேறுகிறார், கார்னர் கிக்கின்போது யார் யாரை மறித்து நிற்க யார் எந்தக் கம்பத்தை நோக்கி ஓடுகிறார் என்பதெல்லாம் கரும்பலகையில் வரைந்ததுபோல் தெரிந்துவிடும். ஒரு மாதம் வெயிலில் உழைத்து அந்தப் பயிற்சியாளர் கட்டியதை 10 நிமிடப் படம் எடுத்துச் சென்றுவிடும்.

இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக் காட்டியது. முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த கனடா பெண்கள் அணியின் ஆய்வாளர் ஒருவர், பிரான்சின் செயின்ட் எட்டியென் நகரில் நியூசிலாந்து அணியின் பயிற்சிக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் போலீசாரிடம் சிக்கினார். அவருக்கு 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. தலைமைப் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மன், உதவிப் பயிற்சியாளர், அந்த ஆய்வாளர் ஆகிய மூவருக்கும் ஃபிஃபா ஓராண்டுத் தடை விதித்தது. கனடா கால்பந்துச் சங்கத்துக்கு 2 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் வந்தது. இவற்றைவிட என்னை வருத்தியது, போட்டியின் நடுவிலேயே அணியின் 6 புள்ளிகள் கழிக்கப்பட்டதுதான். ட்ரோனைத் தொட்டுக்கூடப் பார்க்காத அந்தப் பெண்கள் நியூசிலாந்தை 2-1, பிரான்சை 2-1, கொலம்பியாவை 1-0 என்று மூன்று ஆட்டங்களிலும் வென்றும், 9 புள்ளிகளுக்குப் பதிலாக 3 புள்ளிகளோடுதான் காலிறுதிக்குப் போக முடிந்தது; அங்கே ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றார்கள். உங்கள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கோப்பை வாங்கி, திங்கட்கிழமை இந்தச் செய்தி வெளியே வந்தால், பதில் சொல்லப்போவது நீங்கள் மட்டும் அல்ல. பள்ளிக்கூடத்தில் அவர்களும் தலைகுனிந்து நிற்பார்கள்.

அப்படி வேவு பார்த்துக் கிடைப்பதுதான் எவ்வளவு? 2019 ஜனவரியில், இங்கிலாந்தின் டெர்பி கவுன்டி அணியின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே லீட்ஸ் யுனைடெட் அணியின் ஊழியர் ஒருவர் பிடிபட்டார். அங்கே ட்ரோன் இல்லை, வெறும் மனிதக் கண்தான். லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா பழியைத் தானே ஏற்றுக்கொண்டு, அந்தப் பருவத்தில் எல்லா எதிரணிகளின் பயிற்சியையும் அப்படிப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். கூடவே, டெர்பி முந்தைய பருவத்தில் ஆடிய 51 ஆட்டங்களையும் தம் குழு பார்த்து அலசியிருந்ததை விளக்கிவிட்டு, பயிற்சியை நேரில் போய்ப் பார்ப்பதால் பயன் இல்லை, தம் பதற்றம் தணியவே அது உதவுகிறது என்றார். அப்போது டெர்பியுடன் நடந்த ஆட்டத்தில் லீட்ஸ் 2-0 என்று வென்றது. ஆனால் அதே ஆண்டு மே மாதம், மேல்நிலை லீக்குக்குப் போவதற்கான அரையிறுதியில், லீட்ஸின் சொந்த மைதானத்திலேயே டெர்பி 4-2 என்று வென்று அவர்களை வெளியேற்றியது. லீட்ஸுக்கு 2 லட்சம் பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டதோடு, ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்று தனி விதியும் வந்தது. நம் பகுதிப் போட்டிக் குழுக்களும் இப்படி ஒரு வரியை விதித்தாளில் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்தத் தம்பியின் திறமையை வீணாக்க வேண்டாம். உங்கள் அணியின் பயிற்சியை, பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்லிவிட்டு, அவரையே படம்பிடிக்கச் சொல்லுங்கள். தன் இடத்தைவிட்டு எத்தனை முறை நகர்ந்தோம் என்பதை ஒரு சிறுவன் மேலிருந்து பார்த்துவிட்டால், நீங்கள் பத்து நாள் கத்திச் சொல்லியும் புரியாதது ஒரே நாளில் புரிந்துவிடும். அதற்கும் முன்பாக அவர் அரசின் ட்ரோன் வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். சென்னைத் துறைமுகம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள் என்று முக்கிய இடங்கள் நெருங்கியிருக்கும் பகுதி இது. அந்த வரைபடத்தில் சிவப்பு மண்டலமாகக் காட்டப்பட்ட இடத்தில் அனுமதியின்றிப் பறக்கவிடுவது குற்றம். 2021 ட்ரோன் விதிகளில் மீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்லப்பட்டிருக்கிறது.

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். இரண்டு வாரமாக மாலைப் பயிற்சியின்போது ஒரு ட்ரோன் வந்து தலைக்கு மேல் நிற்கிறது. எதிரணியின் வேலை என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: உங்கள் பயம் சரியானது, அம்மா. எதிரணிதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதபோது, 18 வயதுகூட ஆகாத பெண் பிள்ளைகளை முகம் தெரியாத ஒருவர் நாள்தோறும் படமெடுக்கிறார் என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல் எறியவோ, பட்டக் கயிற்றால் இழுத்து வீழ்த்தவோ யாரையும் விடாதீர்கள். சுழலும் இறக்கை விரலை வெட்டிவிடும், விழும் ட்ரோன் பிள்ளைகள் மேலேயே விழும். அது வந்தவுடன் பயிற்சியாளர் விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூரைக்கு அடியில் அழைத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் இருவர் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, ட்ரோனையும் அது திரும்பிப் போகும் திசையையும் கைப்பேசியில் படமெடுங்கள். இயக்குபவர் பெரும்பாலும் அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய தொலைவில், ஏதோ ஒரு மாடியிலோ தெருமுனையிலோதான் இருப்பார். அந்தப் பதிவுகளோடு, பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தையும் சேர்த்துக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. இதற்காகப் பிள்ளைகளின் பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஓர் அணியின் கேப்டன். எதிரணி கார்னர் கிக் பழகும் ட்ரோன் வீடியோவை நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். நான் கேட்கவில்லை, ஆனால் பார்த்துவிட்டேன். நாளை மறுநாள் ஆட்டம்.
– கல்லூரி மாணவர், ராயபுரம்

பதில்: பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியாது, தம்பி, ஆனால் அடுத்தவருக்கு அனுப்பாமல் இருக்க உங்களால் முடியும். அணியின் குழுவில் அதைப் போடாதீர்கள். இன்றே உங்கள் பயிற்சியாளரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு போட்டிக் குழுவிடமும் எதிரணியின் பயிற்சியாளரிடமும், எந்தக் காட்சி கிடைத்தது, யார் யார் பார்த்தார்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். நண்பனிடம் அழிக்கச் சொல்லுங்கள். ஆனால் போட்டிக் குழு பார்த்து முடிக்கும்வரை உங்கள் பிரதியை வைத்திருங்கள். எதிரணிக்குத் தன் கார்னர் கிக் முறையை மாற்றிக்கொள்ள ஒரு மாலைப் பொழுதாவது கிடைக்க வேண்டும். ஆகவே நாளை வரை காத்திருக்காமல், இதைப் படித்தவுடன் கிளம்புங்கள்.