ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்: அடிபட்டவங்க பத்தி நீங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: கால்ல பெரிய வெட்டு, துணி மேல துணியா வெச்சும் ரத்தம் நிக்கல. என்ன செய்யணும்?

துணி ரத்தத்த உறிஞ்சும், அவ்ளோதான், நிறுத்துறது அழுத்தம் தான். ரத்தம் எந்த இடத்துலருந்து வருதோ சரியா அங்க ரெண்டு கையையும் வெச்சு, முழங்கைய மடக்காம உடம்பு எடை முழுசும் இறங்குற மாதிரி அமுக்குங்க, நடுவுல தூக்கி தூக்கி பாக்காதீங்க ப்ளீஸ், உறைய ஆரம்பிச்சது அப்படியே பிரிஞ்சு வந்துடும். பெரியவங்க உடம்புல இருக்குறதே சுமார் 5 லிட்டர் ரத்தம், தொடையில பெரிய ரத்தக்குழாய் அறுந்தா சில நிமிஷத்துலயே உயிர் போயிடலாம், அதனால போன் பண்றத பக்கத்துல இருக்குறவங்ககிட்ட விட்டுட்டு நீங்க அமுக்குறத பாருங்க.

கேள்வி: டூர்னிக்கெட் (ரத்தம் நிக்க கை, கால சுத்தி இறுக்கி முறுக்குற பட்டை) கட்டினா கால எடுக்க வேண்டியதாயிடும்னு சொல்றாங்களே?

இந்த பயத்துலயே கட்டாம விட்டு உயிர் போறது தான் எனக்கு ரொம்ப வருத்தம். 2 மணி நேரம் வரைக்கும் பொதுவா பெரிய பாதிப்பு வராது. அமுக்கியும் நிக்கலன்னா காயத்துக்கு 5லருந்து 7 சென்டிமீட்டர் மேல, மூட்டு மேல வராம, ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்குங்க. வலியில கத்துவாங்க, அதுக்காக தளர்த்திடாதீங்க, லூசா கட்டினா ரத்தம் இன்னும் அதிகமா தான் போகும். கட்டின நேரத்த எழுதி வைங்க. கைவசம் டூர்னிக்கெட் இல்லன்னா அகலமான துணியும் முறுக்க ஒரு குச்சியும், மெல்லிசு கயிறு வேண்டவே வேண்டாம். கழுத்து, வயிறுக்கெல்லாம் இது கிடையாது.

கேள்வி: பைக்ல விழுந்தவரோட ஹெல்மெட்ட கழட்டலாமா?

நல்லா மூச்சு விடுறாருன்னா கழட்டாதீங்க, கழுத்து எலும்பு உடைஞ்சிருக்கலாம், தலைய அசையாம புடிச்சுக்கோங்க. மூச்சு நின்னுடுச்சு, இல்லன்னா வாந்தி அடைக்குதுன்னா கழட்டித்தான் ஆகணும், மூச்சு தான் முதல்ல. ஒருத்தர் கழுத்தையும் தாடையையும் தாங்கிக்கணும், இன்னொருத்தர் மெதுவா உருவணும்.

கேள்வி: தண்ணி கேக்குறாங்க, குடுக்கலாமா?

வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படலாம், வாந்தி எடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும். அதுக்கு பதிலா அவங்க போட்டிருக்குற ஈரமான துணிய கழட்டிட்டு போர்வை போத்துங்க, உடம்பு சில்லிட்டா ரத்தம் உறையுறதும் கெட்டுடும், இத யாருமே கவனிக்கிறதில்ல.

கேள்வி: நான் ஆம்புலன்ஸ்ல பாராமெடிக். டிரானெக்சாமிக் ஆசிட் (ரத்தம் போறத குறைக்குற மருந்து) ஆஸ்பத்திரி போய் போட்டா போதாதா?

உங்க புரோட்டோகால்ல (சிகிச்சை விதிமுறையில) இருந்தா வண்டியிலயே குடுங்க. இந்த மருந்த பத்தி 2010ல வந்த கிராஷ்-2 ஆய்வுல, 20,000க்கு மேல நோயாளிங்க, சீக்கிரம் குடுத்தவங்கள்ல ரத்தம் போயி இறக்குறது குறைஞ்சுது, அடிபட்டு 3 மணி நேரத்துக்கு அப்புறம் குடுத்தப்போ அந்த இறப்பு கூடியிருந்துச்சு. 1 கிராம், 10 நிமிஷத்துல மெதுவா. ஆனா மருந்து ஏத்துறதுக்காக வண்டிய நிறுத்தி வெக்காதீங்க, ஓடிட்டே ஏத்துங்க.